கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் சொல்லலாமா?

(போர்ட் கிள்ளானில் மூத்த குடிமக்களுக்கு ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



இந்த வெயிலில் பண்டமாரானிலிருந்தும் காப்பாரிலிருந்தும்கூட வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் இந்த ஊரைப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று அழைத்தவர்கள். போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது 1972-இல். அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆகவே அறிவுரை சொல்ல வந்தவராக என்னை எண்ண வேண்டாம்.

நான் டாக்டரும் இல்லை, மிஸ்ஸியும் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தேன். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தமிழில் நோயாளிக்குச் சொல்வதும், நோயாளி சொல்வதை டாக்டருக்குச் சொல்வதும் என் வேலை. இன்று நான் கூறப்போகும் மருத்துவச் செய்திகளை டாக்டரும் மருந்தாளரும் பார்த்துச் சரி செய்து கொடுத்தார்கள். நடுவில் உட்கார்ந்து கேட்ட பேச்சுகள் மட்டும் என்னுடையவை.

அப்படிக் கேட்ட பேச்சு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது கீமோவுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. டாக்டர், "அடா மக்கான் உபாட் லாயின்?" என்றார். நான் அதைத் தமிழில், "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லை கண்ணு, இவங்க கொடுக்கிறதுதான்" என்றார் அம்மா. அன்று கீமோ தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த வாரமும் தள்ளிவைக்கப்பட்டது. காரணம் தெரியாமல் ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி இரத்தம் எடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் நடைபாதையில் காத்திருந்தபோது மகள் பேச்சுவாக்கில் சொன்னார்: "அம்மா காலையில பத்தாவாலி கஷாயமும் சாயங்காலம் பெலாலாய் காஜா சாறும் விடாம குடிக்கிறாங்க. அதுனாலதான் தெம்பா இருக்காங்க." நான் திடுக்கிட்டு அம்மாவிடம், "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீ மருந்தைத்தானே கேட்டே? இது இலைதானே?"

பிழை என்னுடையது. நம் வீடுகளில் ‘மருந்து’ என்றால் கடையில் அட்டையில் வருவது, கிளினிக்கில் கொடுப்பது. கஷாயம் கைவைத்தியம். லேகியம் சத்து. இலைச் சாறு உணவு. பூசாரி மந்திரித்துக் கொடுத்த வேர் பிரசாதம். இவற்றில் எதையும் நாம் ‘மருந்து’ என்ற சொல்லுக்குள் வைப்பதில்லை. டாக்டர் கேட்ட கேள்வியும் சரி, அம்மா சொன்ன பதிலும் சரி. நடுவில் நான் போட்ட பாலம்தான் ஓட்டை. அன்றிலிருந்து நான் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்கிறேன்: "வாய்க்குள் போவது, உடம்பில் பூசுவது, தண்ணீரில் கலப்பது, யார் கொடுத்ததாக இருந்தாலும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்." பதில் வர ஐந்து நிமிடம் ஆகிறது. பரவாயில்லை.

சொல்லில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையின் உடன், அதற்குத் துணையாகச் செய்வது ஒன்று. அந்தச் சிகிச்சைக்குப் பதிலாகச் செய்வது இன்னொன்று. தமிழில் பத்திரிகைகள் இரண்டையும் ‘மாற்று மருத்துவம்’ என்று எழுதிவிடுகின்றன. நம் சுகாதார அமைச்சு ‘பாரம்பரிய, நிரப்பு மருத்துவம்’ என்ற பெயரைப் பயன்படுத்துகிறது. நிரப்புவது என்றால் ஏற்கெனவே இருப்பதில் குறைவதை நிறைப்பது. இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காருவது அன்று.

அரசாங்க மருத்துவமனை நாட்டு வைத்தியத்துக்கு எதிரி என்று பலர் நினைக்கிறீர்கள். 2007-இலேயே பினாங்கு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய, நிரப்பு மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. பிறகு மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது. புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய் மையத்திலும் அப்படியொரு பிரிவு இருக்கிறது. அங்கே அக்குபஞ்சரும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கான மூலிகைத் துணைச் சிகிச்சையும் கிடைக்கும். நாமாகப் போய் வரிசையில் நிற்க முடியாது. சிகிச்சை தரும் டாக்டரின் கடிதம் வேண்டும். அந்த மூலிகையின் வேலை கட்டியைக் கரைப்பது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. களைப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல், பசியின்மை போன்ற தொல்லைகளைக் குறைக்கத்தான் கொடுக்கிறார்கள். நம் இந்திய பாரம்பரிய மருத்துவமும் விடுபடவில்லை. போர்ட் டிக்சன் மருத்துவமனையில் நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாரா சிகிச்சை உண்டு. 2016-இல் வந்த பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் சித்தா, ஆயுர்வேதம், யுனானி எல்லாம் அடங்கிய இந்திய மருத்துவத்தை மலாய், சீன மருத்துவத்தோடு சமமாக அங்கீகரித்திருக்கிறது.

துணையாக நின்று உண்மையிலேயே உதவுபவை எவை? குமட்டலுக்கு அக்குபஞ்சர் உதவுகிறது. கீமோவால் வரும் குமட்டலையும் வாந்தியையும் அது குறைக்கிறது என்பதை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 1997-இலேயே ஏற்றுக்கொண்டது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு நரம்புக்கு நடுவில் உள்ள இடம்தான் அதற்குரிய புள்ளி. ஊசி வேண்டாம் என்பவர்கள் விரலால் அழுத்தியும் பார்க்கலாம். ஊசி என்றால் டாக்டரைக் கேட்ட பிறகுதான். கீமோ நாட்களில் இரத்தத் தட்டுகள் குறைந்திருந்தால் இரத்தம் கசியும், வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் கிருமி புகும். மார்பக அறுவையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் குத்தக் கூடாது.

இஞ்சியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், வாந்தி மருந்தோடு சேர்த்து நாளுக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இஞ்சி கொடுத்தபோது குமட்டல் குறைந்தது. கவனியுங்கள்: வாந்தி மருந்தோடு சேர்த்து. அளவும் மிகச் சிறியது. நாம் இடித்துப் பிழிந்து டம்ளர் கணக்கில் குடிப்பது அந்த ஆய்வில் இல்லை. சமையலில் போடும் இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் பயப்பட வேண்டாம். மஞ்சளை மாத்திரையாக்கி மிளகுச் சத்தும் சேர்த்து விற்கிறார்களே, அது வேறு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கேட்காமல் தொடவே கூடாது.

யோகாவும் மூச்சுப் பயிற்சியும் மெதுவான நடையும் களைப்புக்கும் தூக்கத்துக்கும் நல்லவை. ‘கீமோ போட்டவர் படுத்தே இருக்க வேண்டும்’ என்று சொல்லும் சொந்தக்காரர்களை டாக்டர்கள் ஏற்பதில்லை. உடம்பு பிடித்துவிடுவதும் மனத்துக்கு இதம்தான். ஆனால் கட்டி உள்ள இடத்திலும், கதிர்வீச்சு பட்ட தோலிலும் அழுத்தக் கூடாது. நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் ஓங்கிப் பிடித்துவிடுவதில் எலும்பே முறியலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் பிடித்துவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே இரத்தக் கட்டி இருக்கலாம்.

இனி இலைக்கு வருகிறேன். நித்தியகல்யாணி உங்கள் எல்லோர் வீட்டு வாசலிலும் உண்டு. மலாயில் கெமுந்திங் சீனா என்பார்கள். ஜமைக்காவில் இந்த இலையை நீரிழிவுக்குத் தேநீராகக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து சில இலைகள் ஒரு கனடா டாக்டருக்கு வந்தன. அவருடைய தம்பி ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீர் என்பவரும் அதை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆய்வுக்கூட எலிகளின் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. அங்கே அவர்களுக்குப் பொறி தட்டியது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின், பிறகு வின்கிரிஸ்டின் என்ற மருந்துகள் வந்தன. இன்றும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் ஏற்றுகிறார்கள்.

இதைச் சொன்னதும் ஒரு பெரியவர் என்னிடம், "அப்போ நான் வாசல்ல இருக்கிறதையே அரைச்சுக் குடிச்சிடலாமே, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். நியாயமான கேள்வி. வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்கு ஏற்றுவது பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் போகாது. ஒரு சிட்டிகை உப்பை எடுத்து நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவு. அதை எடுக்க நிறைய உலர்ந்த இலை வேண்டும். அந்த அளவு கொஞ்சம் கூடினாலும் நரம்பு பாதிக்கும், உயிருக்கும் ஆபத்து. அதனால்தான் நோயாளியின் உயரத்தையும் எடையையும் கணக்கிட்டு நரம்பில் ஏற்றுகிறார்கள். வாசல் செடியின் ஒரு கைப்பிடியில் அந்தச் சத்து எவ்வளவு, அதோடு வேறு என்ன நஞ்சு என்று யாருக்கும் தெரியாது. செடியில் மருந்து இல்லை என்று டாக்டர் சொல்வதில்லை. இருப்பதால்தான் பயப்படுகிறார்.

பத்தாவாலியும் நம் சீந்தில் கொடியும் ஒரே குடும்பம். மும்பையில் கோவிட் காலத்தில் சீந்தில் சாப்பிட்டு வந்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை டாக்டர்கள் 2021-இல் எழுதினார்கள். இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். கீமோ மருந்துகளில் பலவற்றைக் கல்லீரல்தான் கரைத்து வெளியேற்றுகிறது. ஏற்கெனவே இரட்டை வேலை பார்க்கும் உறுப்பின் தலையில் மூன்றாவது மூட்டையை ஏற்றுவானேன்? துரியான் பெலாண்டா இலைத் தேநீர் வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. கரீபியன் தீவான குவாடலூப்பில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் காணப்பட்டதை 1999-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். எப்போதாவது பழம் சாப்பிடுவதைச் சொல்லவில்லை. தினமும் குடத்தில் காய்ச்சிக் குடிப்பதைச் சொல்கிறேன். சித்த மருத்துவத்தின் பஸ்பம், செந்தூரம் சிலவற்றில் ரசமும் ஈயமும் பாஷாணமும் சேரும். முறையாகப் படித்த சித்த மருத்துவர் வேறு, பாசார் மாலாமில் பொட்டலம் கட்டித் தருபவர் வேறு.

வாங்கும் பொருளைத் திருப்பிப் பாருங்கள். நாட்டில் பதிவான பாரம்பரிய மருந்தின் டப்பாவில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகள், எட்டு இலக்கங்கள், கடைசியில் ‘டி’ என்ற எழுத்து இருக்கும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண் இருப்பதால் அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று ஆகாது; பதிவு செய்யப்பட்டது என்றுதான் பொருள். இன்னொன்று: 1956-ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. புற்றுநோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்யக் கூடாது. ஆகவே ‘கேன்சரைக் கரைக்கும்’ என்று துண்டுத்தாள் கொடுப்பவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறிவிட்டார்.

‘பதிலாக’ என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் முப்பது ஆண்டு மூட்டை தூக்கிய ஒரு பெரியவர். பெருங்குடலில் கட்டி, பரவவில்லை. அறுவை செய்து பிறகு கீமோ கொடுக்கலாம் என்றார் டாக்டர். யாரோ, "கத்தி பட்டா பரவிடும்" என்றார்கள். அவர் ஒரு வைத்தியரிடம் போனார். மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. ஏழு மாதம் கழித்து வயிறு வீங்கி வந்தார். டாக்டர் அவரைத் திட்டவில்லை. மெல்லிய குரலில் மலாயில் இரண்டு வாக்கியம் சொன்னார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். கல்லீரலுக்குப் போய்விட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் முடியும். இந்த வேலையில் நான் சொன்ன எல்லா வாக்கியங்களிலும் அதுதான் என் நாவில் அதிக நேரம் நின்றது. "ஏழு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா?" என்று அவர் மனைவி என்னைத்தான் கேட்டார், டாக்டரைக் கேட்கவில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. நோய் பரவாத நிலையில், வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இங்கே நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரை பார்த்ததில், நூறு பேரில் ஏறக்குறைய 64 பேர் மூன்றாவது, நான்காவது நிலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். தாமதத்துக்குப் பல காரணங்கள் இருக்கும். ‘கொஞ்ச நாள் கஷாயம் குடித்துப் பார்ப்போம்’ என்று காத்திருந்து அந்தத் தாமதத்தை நாமும் கூட்ட வேண்டாம்.

பத்தியத்தைப் பற்றிப் பேசினால் சில அம்மாக்களுக்குக் கோபம் வரும். கோழி சூடு, மீன் கரப்பான், முட்டை ஆகாது, தயிர் குளிர்ச்சி, சீனி கேன்சருக்குத் தீனி என்று ஒவ்வொன்றாய் எடுத்துவிட்டு, கடைசியில் நோயாளிக்குக் கஞ்சியும் உப்பும் மிஞ்சுகின்றன. எடை குறைகிறது. புண் ஆறப் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைத்தான் நாம் பத்தியம் என்று நிறுத்துகிறோம். அன்பினால் செய்வது என்று எனக்குத் தெரியும். என் பாட்டியும் இதைத்தான் செய்திருப்பார். கோழி, மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம்; நன்றாக வெந்திருக்க வேண்டும், அவ்வளவே. கோப்பிக்கடையின் அரை வேக்காட்டு முட்டையும், சுடுநீரில் முக்கி எடுக்கும் கெராங்கும் கீமோ முடியும் வரை வேண்டாம்.

நேர்த்திக்கடனுக்கும் இதே கதைதான். கீமோ நடக்கும்போது மண்டல விரதமும் அலகும் ஆகாது. பத்துமலைக் கூட்டத்தில் ஒரு சிறு துளை போதும், கிருமிக்கு வாசல் திறந்துவிடும். முருகன் அவசரப்படுத்துவதில்லை, அடுத்த தைப்பூசமும் வரும். முடி காணிக்கை கொடுக்க நினைப்பவர்கள் கீமோவுக்கு முன்னே கொடுத்துவிடலாம், எப்படியும் உதிரப் போவதுதான். ஒரு பாட்டி அப்படித்தான் செய்தார். கண்ணாடியைப் பார்த்து அவர் அழவே இல்லை.

காய்ச்சலை மறந்துவிடப் போகிறேன். கீமோ நடப்பவருக்கு உடம்புச் சூடு 38 டிகிரியைத் தொட்டால் கஷாயமும் வேண்டாம், பனடோலும் வேண்டாம், விடியட்டும் என்ற பேச்சும் வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ‘கீமோ நடக்கிறது’ என்று முதலில் சொல்லுங்கள்.

முதலில் சொன்ன அம்மாவின் நிலை என்ன என்று கேட்பீர்கள். கஷாயத்தையும் சாற்றையும் நிறுத்தினார். கல்லீரல் அளவுகள் இறங்கின, கீமோ தொடர்ந்தது. டாக்டர் அவரைத் திட்டுவார் என்று மகள் பயந்தார். அவர் பேனாவை எடுத்து இலைகளின் பெயரை எழுதிக்கொண்டு, "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று என்னைக் கேட்டார். இஞ்சிக் கஷாயம் வேண்டுமானால் கொஞ்சம் குடிக்கலாம் என்றார். அம்மாவுக்கு அது போதும். குடிப்பதற்கு ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும், வீட்டில் யாரோ தனக்காகக் காய்ச்சித் தர வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

டாக்டர் முகம் சுளித்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். சிலர் சுளிக்கலாம், மனிதர்கள்தானே. அப்படியானால் மருந்தாளரிடம் சொல்லுங்கள். மருந்து கொடுக்கும் சன்னலில் நிற்பவர்தான் மருந்தாளர்; எந்த மருந்தோடு எது மோதும் என்று பார்ப்பது அவர் படிப்பு. பெயர் தெரியாவிட்டால் இலையையே கொண்டுபோய்க் காட்டுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துப் போங்கள்.

இன்று வரும்போது வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பலர் கொண்டுவந்திருக்கிறீர்கள், வாசனையே சொல்கிறது. வலப்பக்க மேசையில் மருந்தாளர் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது, அவர் பக்கத்தில் நான் உட்காருகிறேன். சட்டியோடு கொண்டுவந்த ஐயா முதலில் வாருங்கள், அது சிந்திவிடும்.